தட்டு காலியானால்தான் கம்பி தூக்கும்

வல்லத்திராக்கோட்டை ரெங்கசாமி எத்தனையோ பந்தியில் சாப்பிடாமல் எழுந்து வந்தவர். பங்காளி வீட்டுக் காதுகுத்தில் எல்லா இலைக்கும் முருங்கைக்காய் விழுந்து தன் இலைக்கு வெறும் சாம்பார் விழுந்தது என்று எழுந்து வந்திருக்கிறார். மாமியார் வீட்டு விருந்தில் இலையின் நுனியை வலது பக்கம் போட்டுவிட்டார்கள் என்று எழுந்தார். அந்த அம்மாள் இலையைச் சோற்றோடு ஏந்திக்கொண்டு அய்யனார் கோயில் வரைக்கும் பின்னாலேயே ஓடி வந்தார், ரசம் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அப்பேர்ப்பட்ட ரெங்கசாமி, எழுந்திருக்கவே முடியாத ஒரு சாப்பாட்டில் போய் உட்கார்ந்தது புதுக்கோட்டை பைபாஸ் ரோட்டில் இருக்கிற 'கும்மாளம் கேம் சிட்டி'யில்.

சாப்பிடுவதற்காகப் போகவில்லை. மகள் இலக்கியாவுக்குச் சம்பந்தம் பேசப் போனார்.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிகிறவரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுச் சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். பச்சைத்தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம். உப்புப் போட்ட பண்டம் ஒரு வாய் உள்ளே போய்விட்டால் சம்மதம் சொன்னதாகக் கணக்கு. தட்டு மாற்றுவது, பூ வைப்பது எல்லாம் அதற்கப்புறம் போட்டோவுக்காகச் செய்வது.

மாப்பிள்ளையின் அப்பா குணசேகரன் அரிசி ஆலைக்காரர். இந்த வழக்கத்தை வைத்தே தன் மூத்த மகனுக்குக் கல்யாணம் முடித்தவர். அந்தப் பெண்ணின் தகப்பனார் யோசித்துச் சொல்கிறேன் என்று விடைபெற்று, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டார். வழியனுப்ப வந்த குணசேகரன் ஒரு போண்டா வாங்கிக் கொடுத்தார். அவரும் அசந்தாப்பில் ஒரு கடி கடித்துவிட்டார். மீதிப் போண்டா ஆறுவதற்குள் குணசேகரன் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாக ஊரில் பேச்சு. அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தது. இப்போது ஆலையில் தவிடு விற்கிறது.

இந்தக் கதை தெரிந்ததால்தான் இலக்கியாவுக்குப் பயம். அவள் கிராம நிர்வாக அலுவலர். பரீட்சை எழுதி எழுதி, பேனா பிடித்த விரலில் காய்ப்பு விழுந்த பிறகு கிடைத்த வேலை. ஆர்டர் வந்த அன்றைக்கு ரெங்கசாமி ஊரில் ஒருவர் விடாமல் சொல்லி முடித்து, சொல்ல ஆள் தீர்ந்துபோய், புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறி கண்டக்டரிடம் சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தார்.

ஆட்டோவில் வரும்போது இலக்கியா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போகலாமா கூடாதான்னு அவங்க வாயால சொல்லணும்ப்பா. சொல்ற வரைக்கும் கை நனைச்சுராதீங்க."

"போகக் கூடாதுன்னு சொல்லட்டும், அந்த நிமிஷம் எந்திரிச்சு வந்துருவேன் ஆத்தா," என்றார் ரெங்கசாமி. "எந்திரிக்கிறதுல என்னைய அடிச்சுக்க இந்த ஜில்லாவுல ஆளில்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி திலகவதி அதை மறுக்கவில்லை.

கும்மாளத்துக்குள் நுழைந்ததும் முதலில் காது போயிற்று. நாலா பக்கமும் பிள்ளைகள் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டும் மோட்டார்சைக்கிளில் நின்ற இடத்திலேயே பறந்துகொண்டும் இருந்தார்கள். அப்புறம் மூக்கு போயிற்று. ஏசி அப்படி. கொடைக்கானலில் இருந்து வந்திருந்த ஒரு குடும்பம் சால்வை எடுத்துவர மறந்துவிட்டோமே என்று வாசலிலேயே திரும்பிப் போனதை ரெங்கசாமி கண்ணால் பார்த்தார்.

குணசேகரன் வாயெல்லாம் பல்லாக எதிரே வந்து, "வாங்க சம்பந்தி," என்றார்.

ரெங்கசாமிக்கு அந்த வார்த்தையே ஒரு போண்டா மாதிரி தெரிந்தது. வணக்கம் மட்டும் சொன்னார்.

வீட்டில் வைத்தால் கை நனைக்கிற சங்கடம் வருமே என்றுதான் பொது இடமாகப் பார்த்தேன், இது ஓட்டல், இங்கே சாப்பிடுவது எந்தக் கணக்கிலும் சேராது என்று குணசேகரன் விளக்கினார். பில் யார் கொடுப்பது என்று ரெங்கசாமி கேட்டதற்கு, ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றார். அப்படியானால் சேரும் என்று ரெங்கசாமி மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டார்.

மாப்பிள்ளை வசந்தகுமார் அப்பாவுக்குப் பின்னால் நின்றான். கத்தாரில் வேலை, லீவில் வந்திருக்கிறான். ஆள் தென்னங்கன்று போல வாட்டசாட்டம். "வாங்க" என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் குணசேகரன், "தம்பி வாங்கன்னு சொல்றான்," என்றார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

சாப்பிடுகிற இடம் குடைராட்டினப் பெட்டி மாதிரி இருந்தது. எதிரெதிராக ரெண்டு பெஞ்சு, நடுவில் மேஜை. இந்தப் பக்கம் ரெங்கசாமி, திலகவதி, இலக்கியா. அந்தப் பக்கம் அப்பாவும் மகனும். எல்லாரும் உட்கார்ந்ததும் பெலிக்ஸ் என்ற மேனேஜர் வந்து, சிரித்த முகமாக ஒரு பொத்தானை அழுத்தினார். பின்னாலிருந்து தடியான ஒரு கம்பி இறங்கி, பெஞ்சு பெஞ்சாக எல்லார் மடிமேலும் படிந்து, 'டக்' என்றது.

"இது எதுக்குங்க தம்பி? பெட்டி சுத்துமா?" என்று திலகவதி கேட்டார்.

"சுத்தாதும்மா. ஒரு சேஃப்டிக்குத்தான்," என்று சொல்லிவிட்டு பெலிக்ஸ் போய்விட்டார்.

சாப்பாடு எல்லாருக்கும் ஒரே மாதிரி குணசேகரனே சொல்லியிருந்தார். வரத்தான் இல்லை. ஒரு ரோபோ கொண்டு வருமாம். அது அடுக்களையில் இருந்து புறப்பட்டு, டான்ஸ் மிஷின் பக்கத்தில் வந்ததும் கார்ப்பெட் ஓரத்தில் தட்டுப்பட்டு நின்று, 'தயவுசெய்து வழிவிடுங்கள்' என்று கார்ப்பெட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தது. கார்ப்பெட் விடவில்லை. அதையும் ஒரு விளையாட்டு என்று நினைத்த பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கொரு குத்து விட்டுப் போனார்கள். ரெங்கசாமி இது நல்ல நேரம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, மகளின் வேலையைப் பற்றிக் கேட்டார்.

"மொதல்ல சாப்பிடுவோம் சம்பந்தி. வெறும் வயித்துல என்ன பேச்சு?" என்றார் குணசேகரன்.

ஒருவழியாகச் சாப்பாடு வந்து சேர்ந்தது. சுவரில் மாட்டியிருந்த படத்தில் அதே சாப்பாடு ஆவி பறக்க, எண்ணெய் மினுமினுக்க, ஒரு குடும்பமே சேர்ந்து தூக்குகிற மாதிரி இருந்தது. நேரில் வந்தது அந்தப் படத்தின் பாஸ்போர்ட் சைஸ். நூடுல்ஸ் மாட்டுக்குப் போடும் தும்புக் கயிறு போல ஒரே கட்டாக இருந்தது. ஒரு இழையைப் பிடித்துத் தூக்கினால் மொத்தமும் கூடவே வந்து, தட்டையும் கூட்டிக்கொண்டு வந்தது. பன்னீரைக் கரண்டியால் தொட்டபோது கேரம் போர்டு ஸ்ட்ரைக்கர் மாதிரி ஓடி, தட்டின் ஓரத்தில் மோதி, திலகவதியின் பன்னீரையும் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தது. சூப்பின் மேல் ஆடை கட்டி, அந்த ஆடைமேல் ஒரு எறும்பு அக்கரைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தது.

ரெங்கசாமிக்கு மனசு லேசாயிற்று. இதைச் சாப்பிடாமல் இருக்க வைராக்கியம் எதுவும் தேவையில்லை என்று நினைத்தார்.

குணசேகரன் ஆரம்பித்துவிட்டார். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க. ஸ்பூன் இருக்கே. ஸ்பூன்ல சாப்பிட்டா கை எங்கிட்டு நனையுது?" வழி காட்டுவதற்காகத் தன் தட்டில் இருந்ததை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் என்னென்னவோ வந்து போயிற்று. ஆனாலும் ஆலைக்காரர், தவிட்டுத் தூசியில் வளர்ந்த நாக்கு. தட்டைக் காலி பண்ணிவிட்டார். வசந்தகுமாரையும் பார்த்தார். அவனும் காலி பண்ணினான்.

"இப்ப வெறும் வயிறு இல்லையே," என்றார் ரெங்கசாமி. "பாப்பா வேலை விஷயம்..."

"நீங்க இன்னும் வெறும் வயிறுதானே சம்பந்தி."

மறுபடி கேட்டதற்கு நெல் விலை பற்றிச் சொன்னார். அதற்கும் அடுத்த தடவை, பெண் பிள்ளைகள் படிப்பது எவ்வளவு நல்லது என்று விலாவாரியாகப் பேசினார். போகலாம் என்றும் வரவில்லை, கூடாது என்றும் வரவில்லை. இப்படியே போனால் அந்த வார்த்தை வரப்போவதே இல்லை என்று ரெங்கசாமிக்குப் புரிந்தது. எழுந்துவிடலாம் என்று மகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, எத்தனையோ பந்தியைக் கலங்கடித்த அந்த எழும்பலை எழுந்தார்.

அரைச் சாண் எழுந்திருப்பார். கம்பி தொடையில் இடித்து உட்கார வைத்தது. இன்னொரு தடவை எழுந்தார். இன்னொரு தடவை உட்கார்ந்தார்.

"அது தூக்காதுங்க," என்று பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு குரல் வந்தது.

அங்கே தலைப்பாகை கட்டிய ஒருவர் தன் மடிமேல் கிடந்த கம்பியில் கையை ஊன்றிக்கொண்டு தினசரி படித்துக்கொண்டிருந்தார். நார்த்தாமலை ஆண்டிச்சாமி என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். பேரன் பிறந்த நாளுக்கு வந்தவராம். தட்டுக்கு அடியில் எடை பார்க்கிற மிஷின் இருக்கிறது, பெட்டியில் உள்ள அத்தனை தட்டும் காலியானால்தான் கம்பி தூக்கும் என்று அவர்தான் விளக்கினார். முன்னெல்லாம் ஜனங்கள் ஆர்டர் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விடுவார்களாம், சாப்பாடு குப்பைக்குப் போகுமாம். சோற்றை வீணாக்கினால் பொறுக்க மாட்டாத முதலாளி, வெளிநாட்டில் இருந்து இதை வரவழைத்தாராம்.

"கீழ கொட்டிட்டா?" என்றார் ரெங்கசாமி தணிந்த குரலில்.

"கொட்டிப் பார்த்தேனுங்க. சைரன் அடிச்சு வேற தட்டு வந்துச்சு. பக்கத்துல வர்றவங்ககிட்ட சாப்பிட்டு உதவுங்கன்னு கேட்டும் பார்த்தாச்சு. ஒரு வாய் ருசி பார்த்துட்டு, மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிட்டுப் போயிர்றாங்க." அவருக்குக் காளான் ஆகாது. வந்தது காளான் பிரியாணி. பேரன் குடும்பம் வேறு பெட்டியில் உட்கார்ந்து, தங்கள் தட்டைக் காலி பண்ணிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டதாம். வீட்டிலிருந்து தலையணை வந்துவிட்டது. பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிற சான்றிதழைக்கூட தபால்காரர் இங்கேயே வந்து எடுத்துக்கொண்டு போனதாகச் சொல்லிவிட்டு, அவர் மறுபடி தினசரிக்குள் போய்விட்டார்.

பெலிக்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சாவி கம்பெனி ஆளிடம் இருக்கிறது, அவர் கோயம்புத்தூரில் இருக்கிறார், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார் என்றார். எப்போது சொன்னார் என்று கேட்டதற்கு, திறப்பு விழாவில் என்றார்.

குணசேகரனின் முகம் தெளிந்தது. சாய்ந்து உட்கார்ந்தார். "பொறுமையா சாப்பிடுங்க சம்பந்தி. நமக்கென்ன அவசரம்?" என்றார்.

ரெங்கசாமிக்கு அப்போதுதான் வியர்த்தது, அந்த ஏசியிலும். எழுந்திருக்க வேண்டுமானால் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் மகள் தவிடு விற்கப் போக வேண்டும். காலையில் குடித்த நீராகாரம் எப்போதோ கரைந்துபோயிருந்தது. நேரம் ஆக ஆக அந்த நூடுல்ஸ்கூடப் பார்வைக்குக் கொஞ்சம் அழகாகிக்கொண்டு வந்தது. துப்பாக்கி மிஷினில் யாரோ தோற்கும்போதெல்லாம் கூரையில் இருந்து 'கேம் ஓவர்' என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் அவருடைய வலது கை தானாகவே தட்டுப் பக்கம் நகர்ந்தது. இலக்கியா அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள். அவர் கையை இழுத்து மடியில் வைத்து, அதன்மேல் துண்டைப் போட்டு மூடினார்.

வெளியே கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வெயில் சாய ஆரம்பித்தது. அப்போதுதான் குணசேகரன் காலை மாற்றிப் போட்டார்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. மறுபடி மாற்றிப் போட்டார். நெல் விலையைப் பாதியில் நிறுத்தினார். கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடித் திறந்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு என்பதைத் திலகவதிதான் தரகர் வாயால் கேட்டு வைத்திருந்தார். கணவரின் காதருகே குனிந்து, "ஆளு முட்டிக்கிட்டு இருக்காரு," என்றார்.

ரெங்கசாமிக்குக் கொஞ்சம் பசி அடங்கினாற்போல இருந்தது. அவரும் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"ஒரு வாய் போட்டுக்கங்களேன் சம்பந்தி," என்றார் குணசேகரன். குரல் இறங்கியிருந்தது.

"நமக்கென்ன அவசரம்," என்றார் ரெங்கசாமி.

பெலிக்ஸைக் கூப்பிட்டார் குணசேகரன். கோயம்புத்தூருக்குப் போன் போடச் சொன்னார். போனை எடுத்த ஆள், இப்போதுதான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன் என்றாராம். குணசேகரன் பல்லைக் கடித்துக்கொண்டு ரோபோவிடம்கூடக் கேட்டுப் பார்த்தார். அது, வழிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு நின்றது. கடைசியில் அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகப் பூத்து, வார்த்தை தெறித்து வந்தது.

"போகட்டும்யா. வேலைக்குப் போகட்டும். கலெக்டர் வேலைக்கே போகட்டும். சாப்பிடுங்க!"

இத்தனை நேரம் காத்திருந்த வார்த்தை. ரெங்கசாமி துண்டை விலக்கி வலது கையை எடுத்தார். சந்தோஷத்தில் எந்தப் பக்கமிருந்து ஆரம்பிப்பது என்று தட்டைப் பார்த்தார். நூடுல்ஸ் கட்டை அவர் பிடித்துத் தூக்கியும் விட்டார்.

"வைங்கப்பா," என்றாள் இலக்கியா.

"அதான் சொல்லிட்டாரே ஆத்தா."

"முட்டிக்கிட்டு வந்த சொல்லுப்பா அது. பாத்ரூம் வரைக்கும்தான் வரும்." அவள் நிமிர்ந்து எதிர் பெஞ்சைப் பார்த்தாள். குணசேகரனைப் பார்க்கவில்லை. "ஏங்க, உங்களத்தான். நீங்க சொல்லுங்க. நான் வேலைக்குப் போகலாமா?"

"தம்பி போகலாம்னுதான்..." என்று ஆரம்பித்த குணசேகரனால் முடிக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் வேறு ஏதாவது திறந்துவிடும் என்ற நிலைமையில் இருந்தார். உதட்டை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

வசந்தகுமார் அப்பாவைப் பார்த்தான். அங்கிருந்து எதுவும் வரவில்லை. அவனுக்குப் பேச வேண்டிய இடத்தில் இப்படி ஒரு காலி இடம் கிடைத்து எத்தனை வருஷமோ. அதில் எப்படி நுழைவது என்று தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நான் போகச் சொல்லுவேங்க," என்றான். "எனக்கு அது பெருமைதான். ரூம்ல கூட இருக்கிற பசங்ககிட்டயெல்லாம் பொண்ணு வி.ஏ.ஓ.ன்னு சொல்லி வச்சிருக்கேன்."

ரெங்கசாமியின் கை மறுபடி தட்டுக்குப் போயிற்று.

"ஆனா நான் சொன்னது எங்க வீட்ல எதுவும் நடந்ததில்லைங்க," என்றான் வசந்தகுமார். "நான் கத்தார் போகணும்னு சொல்லல. இன்னிக்கு அம்மாவையும் கூட்டிட்டு வருவோம்னு சொன்னேன். வீட்டுக்கு யாரு காவல்னு விட்டுட்டு வந்துட்டோம். நான் அங்கிட்டுப் போயிருவேன். நீங்க இவங்க கூடத்தான் இருக்கணும். பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போக மனசு வரல."

குணசேகரன் மகனைத் திரும்பிப் பார்த்தார். பார்க்க மட்டும்தான் முடிந்தது.

இலக்கியா அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை என்பதுதான் ரெங்கசாமிக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு நல்ல பையனை, அதுவும் தன் மகளுக்கே பிடித்துப்போன பையனை, இப்படிக் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று இருந்தது. அவனுக்காக ஒரே ஒரு இழை சாப்பிட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"ரொம்ப நன்றிங்க," என்றாள் இலக்கியா. அப்புறம் அப்பாவிடம், "கை நனைக்க வேணாம்ப்பா," என்றாள்.

ரெங்கசாமி தட்டைத் தள்ளி வைத்தார். முடிந்தது. ஆனால் கம்பி அப்படியேதான் இருந்தது. பேச்சு முறிந்த பிறகும் எதிரெதிரே முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு சங்கடம் உலகத்தில் கிடையாது. திலகவதி கூரையைப் பார்த்தார். குணசேகரன் ஏற்கெனவே அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையணை இங்கே வாடகைக்குக் கிடைக்குமா என்று ரெங்கசாமி யோசிக்க ஆரம்பித்தார்.

வசந்தகுமார்தான் கையை நீட்டினான். "இங்க குடுங்க மாமா," என்று ரெங்கசாமியின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். முறை இல்லாமல் போன பிறகு அவன் மாமா என்றது ரெங்கசாமிக்கு எங்கேயோ போய்ப் பட்டது.

யாரும் சொல்லாமல், யாரையும் பார்க்காமல் அவன் சாப்பிட்டான். ஸ்பூனை வைத்துவிட்டுக் கையாலேயே சாப்பிட்டான். நூடுல்ஸ் கட்டைக் கரும்பு கடிக்கிற மாதிரிக் கடித்து இழுத்தான். பன்னீரை இரண்டு கடைவாய்க்கும் நடுவில் வைத்து அழுத்தியபோது எழுந்த சத்தத்தில், டான்ஸ் மிஷினில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் தாளம் தப்பித் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்தது திலகவதியின் தட்டு. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. இலக்கியாவின் தட்டை அவளே அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். சூப்பையும் குடித்தான். எறும்பு அதற்குள் அக்கரை போய்ச் சேர்ந்திருந்தது.

ஆண்டிச்சாமி தினசரியை மடித்து வைத்துவிட்டு, எழுந்து நிற்க முடியாத குறைக்கு, தலைப்பாகையைக் கழற்றி மரியாதை செய்தார்.

கம்பி 'டக்' என்று மேலே போயிற்று. அது பாதி போகும்போதே குணசேகரன் அடியில் குனிந்து வெளியேறிவிட்டார். அந்த வயதில் அந்த உடம்போடு அப்படி ஓடியவரை கும்மாளத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை என்று பெலிக்ஸ் பிற்பாடு பலபேரிடம் சொல்லியிருக்கிறார். ஓட்டப்பந்தய மிஷின் ஒன்று, அவர் கடந்து போன காற்றுக்கே முதல் பரிசுச் சீட்டு கொடுத்துவிட்டது.

ரெங்கசாமி எழுந்தார். எழுந்திருப்பது இவ்வளவு பெரிய சுகம் என்று அவருக்கு இதுவரை தெரியாது. திலகவதி முழங்காலை நீவிக்கொண்டு எழுந்தார், இலக்கியாவும் எழுந்தாள். வசந்தகுமார் மட்டும் உட்கார்ந்தே இருந்தான். அவன் மடிமேல் இப்போது ஒன்றும் இல்லை.

"கம்பி தூக்கிருச்சு. எந்திரிங்க," என்றாள் இலக்கியா.

அவன் பாத்ரூம் இருந்த பக்கம் பார்த்தான்.

"இருக்கட்டுங்க," என்றான். "அப்பா வரட்டும்."

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பெலிக்ஸ் வாசல் வரைக்கும் கூடவே வந்து, சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டார். தெரியலையே தம்பி என்று ரெங்கசாமி உண்மையைச் சொன்னார்.

வெளியே வெயில் உடம்பில் பட்டதும், ஜூரம் விட்ட மாதிரி இருந்தது. இருளாண்டி கடையில் புரோட்டா சூடாக இருக்கும், அங்கிட்டுப் போவோம் என்று திலகவதி சொல்லிக்கொண்டிருந்தார். இலக்கியாவின் போன் அடித்தது. அவள் பேச்சில் இருந்து, யாரோ ஒரு அம்மாள் வாரிசுச் சான்றிதழுக்கு அலைகிறார் என்று தெரிந்தது. திங்கட்கிழமை வந்தால் ஆபீஸில் ஆள் இருப்பீர்களா, இல்லை, கல்யாணம் கூடி வருகிறது, வேலையை விடப் போகிறீர்கள் என்று ஊரில் சொல்கிறார்களே என்று அந்த அம்மாள் கேட்டிருக்க வேண்டும்.

இலக்கியா ஒருதரம் திரும்பிக் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள்.

"வாங்கம்மா," என்றாள். "நான் அங்கதான் இருப்பேன்."